டீசல் காரில் பெட்ரோல் போட்டாச்சு, ஸ்டார்ட் செய்யலாமா?

#1 நான்காம் கியர்

அவசரக் கேள்வி. என் தம்பி என் டீசல் காரை எடுத்துக்கொண்டு போனான். பங்க்கில் போன் பேசிக்கொண்டே பெட்ரோல் நாசிலைச் சொருகிவிட்டான். 15 லிட்டர் ஏறிய பிறகுதான் கவனித்திருக்கிறான். டேங்க் 50 லிட்டர். அதில் ஏற்கெனவே 20, 22 லிட்டர் டீசல் இருந்திருக்கும். காமன் ரெயில் எஞ்சின் (ரெயில் என்ற ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் போகிற வகை), ஆட்டோமேட்டிக் கியர். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை என்று சத்தியம் செய்கிறான்.

வண்டி பம்ப்பை மறித்துக்கொண்டு நிற்கிறது, பின்னால் ஹார்ன் அடிக்கிறார்களாம். பக்கத்தில் நின்ற ஒருவர், "மேலே டீசலை ஃபுல்லாக நிரப்பிவிட்டு ஓட்டு, ஒன்றும் ஆகாது" என்கிறாராம். என்ன சொல்லட்டும் அவனிடம்?

#2 கிரீஸ் கை

ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாவியை "ஆன்" வரைக்கும்கூடத் திருப்ப வேண்டாம். புஷ் பட்டன் என்றால் தொடவே வேண்டாம்.

இக்னிஷன் ஆன் ஆனதுமே டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் ஓடி, டேங்க்கில் இருப்பதை லைனுக்குள் தள்ள ஆரம்பித்துவிடும். சில வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தாலே போதும், அது ஓடும். அதனால் தம்பியை ஏறி இறங்கி, பூட்டித் திறந்து கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹார்ன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

மற்றதை அப்புறம் பேசலாம். முதலில் இதை அவனுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.

#3 பழைய பாதை

இவ்வளவு பயமுறுத்த வேண்டாம் நண்பர்களே. டீசல் வண்டியில் கொஞ்சம் பெட்ரோல் கலப்பது அந்தக் காலத்தில் சகஜம். குளிர் நாடுகளில் டீசல் மெழுகு போல உறையாமல் இருக்க, குளிர்காலத்தில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலக்கலாம் என்று வண்டியோடு வந்த கையேட்டிலேயே போட்டிருந்தார்கள். என்னிடம் இருந்த பழைய டீசல் வண்டியில் மண்ணெண்ணெய் கலந்தே ஓட்டியிருக்கிறேன், எஞ்சின் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. டீசலை ஃபுல் செய்து மெதுவாக ஓட்டினால் போய்விடலாம்.

#4 கணக்குப்பிள்ளை

சின்னக் கணக்கு. 22 லிட்டர் டீசலும் 15 லிட்டர் பெட்ரோலும் இருந்தால் இப்போது 40 சதவீதம் பெட்ரோல். டேங்க்கை 50 வரை நிரப்பினாலும் 30 சதவீதம். "கொஞ்சம் கலப்பது" என்ற கணக்கில் இது வராது. ஃபுல் செய்வதால் ஆகப்போவது ஒன்றுதான்: நாளைக்கு 37 லிட்டருக்குப் பதில் 50 லிட்டரை வடித்துக் கொட்ட வேண்டியிருக்கும்.

#5 கிரீஸ் கை

பழைய பாதை அண்ணன் சொல்வது பொய்யில்லை. அந்தக் கையேடுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை வேறு எஞ்சின்களுக்கு எழுதியவை.

பழைய லாரி, டிராக்டர்களில் இருந்த இன்லைன் பம்ப்புக்குள் கேம் ஓடும் பகுதிக்கு எஞ்சின் ஆயிலே மசகாகப் போகும். எரிபொருளில் வழவழப்பு குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். பிறகு கார்களில் வந்த ரோட்டரி பம்ப்புக்கு டீசலேதான் மசகு. ஆனாலும் அழுத்தம் அவ்வளவு அதிகமில்லை. 1997இல் காமன் ரெயில் கார்களுக்கு வந்தபோது அழுத்தம் 1350 பார் அளவில் இருந்தது. இப்போது 2000 பார் சாதாரணம், 2500 வரை போகிற எஞ்சினும் உண்டு. நம் கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த அழுத்தத்தில் உலோகத்தோடு உலோகம் உரசாமல் நடுவில் நிற்பது டீசலின் மெல்லிய படலம் மட்டும்தான். அதுவும் இப்போதைய டீசலில் கந்தகத்தை எடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் 2009 முதல் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வரம்பு. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் டீசலின் இயற்கையான வழவழப்பும் போய்விடுகிறது. அதனால் சுத்திகரிப்பு நிலையத்திலேயே வழவழப்புக்கென்று ஒரு சேர்மானம் சேர்த்துதான் அனுப்புகிறார்கள். இதைச் சோதிக்கத் தனிப் பரிசோதனையே இருக்கிறது: டீசலில் முக்கி ஒரு எஃகு உருண்டையைத் தேய்க்கும்போது அதில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானை (அரை மில்லிமீட்டருக்கும் குறைவு) தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரம்.

இந்த நிலையில் உள்ளே பெட்ரோல் போனால்? பெட்ரோல் ஒரு கரைப்பான். படலத்தைத் துடைத்து எடுத்துவிடும். பம்ப் தன்னைத்தானே சுரண்டிக்கொள்ள ஆரம்பிக்கும். அந்த உலோகத் தூள் ரெயிலுக்குப் போகும், அங்கிருந்து சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும், மீதி ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்கே திரும்பி வரும். இன்ஜெக்டருக்குள் ஊசி ஓடும் இடைவெளி சில மைக்ரான்தான், அதில் தூள் சிக்கினால் அதோடு சரி. ஹை பிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர்கள், லைன்கள், டேங்க் பம்ப் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் பில் இப்படித்தான் பிறக்கிறது. பம்ப்பை மட்டும் மாற்றினால், டேங்க்கில் கிடக்கும் தூள் புது பம்ப்பையும் தின்னும்.

அண்ணனிடம் இருந்தது நல்ல வண்டி. அதில் பலித்தது இதில் பலிக்காது, அவ்வளவுதான்.

#6 பழைய பாதை

சரி தம்பி, 2500 பார் என்பது எனக்குப் புதுச் செய்தி. என் வண்டி பம்ப்பைக் கையால் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பெட்ரோல் டீசலைவிடச் சீக்கிரம் பற்றும் பொருள். அது டீசல் எஞ்சினில் நன்றாகத்தானே எரிய வேண்டும்?

#7 கணக்குப்பிள்ளை

இதற்கு நான் சொல்கிறேன். பற்றுவதில் இரண்டு விதம் இருக்கிறது. தீப்பொறி காட்டினால் பற்றுவது ஒன்று, வெறும் சூட்டில் தானாகப் பற்றுவது இன்னொன்று. பெட்ரோல் முதலாவதில் புலி. மைனஸ் 40 டிகிரி அளவிலேயே அதன் ஆவி தீப்பொறிக்குப் பற்றும். டீசலுக்கு 55 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை நசுக்கும் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்ற வேண்டும். அதில் பெட்ரோல் மந்தம். சீக்கிரம் தானாகப் பற்றிவிடக் கூடாது என்பதற்காகவே தயாரிக்கப்படுவது அது, ஆக்டேன் எண் அதிகம் என்றால் அதுதான் அர்த்தம். டீசலுக்கு இதற்கு நேர் எதிராக, எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றும் என்று காட்டும் சீட்டேன் எண்ணைப் பார்ப்பார்கள், ஐரோப்பிய டீசலில் குறைந்தது 51.

ஆக, கலவை உள்ளே போனதும் பற்றத் தாமதமாகும். தாமதித்துச் சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். "டக் டக்" என்று சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம், இழுவை குறைவது, வெள்ளைப் புகை எல்லாம் அதனால்தான்.

#8 நான்காம் கியர்

அவனிடம் சொல்லிவிட்டேன். சாவி இப்போது பங்க் ஊழியர் கையில்! வண்டியை ஓரமாகத் தள்ளிவிடலாம் என்கிறார்கள். ஆனால் "பி"யில் லாக் ஆகி நிற்கிறது, நியூட்ரலுக்குப் போக மறுக்கிறது. இக்னிஷன் ஆன் செய்து பிரேக்கை மிதித்தால்தான் லீவர் நகருமாம். ஒரு நொடி ஆன் செய்தால் பரவாயில்லையா?

#9 கிரீஸ் கை

வேண்டாம். லீவர் பக்கத்தில் நகத்தால் நெம்புகிற அளவுக்குச் சின்ன மூடி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் லாக்கை விடுவிக்கும் பொத்தான் இருக்கும். ஸ்குரூடிரைவரால் அழுத்திக்கொண்டே லீவரை "என்"னுக்கு நகர்த்தலாம். கையேட்டில் "ஷிஃப்ட் லாக்" என்று தேடினால் படத்தோடு இருக்கும்.

லீவருக்குப் பதில் பட்டனோ திருகோ இருக்கிற எலெக்ட்ரானிக் கியர் என்றால் இந்த வழி இருக்காது. எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்திருந்தால் தள்ளவே முடியாது. பங்க்கில் அந்த ஒரு பம்ப்பை மூடிவிட்டு ரெக்கவரி வண்டிக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். சக்கரத்துக்கு அடியில் உருளை வைத்துத் தூக்கிப் போவார்கள். கூப்பிடும்போதே "ஆட்டோமேட்டிக், பார்க்கில் லாக், தவறான எரிபொருள்" என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற வண்டி வரும்.

இன்னொன்று. ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருந்தால் தள்ளும்போது நேராகத்தான் போகும். வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம்.

#10 சுழல்விசிறி

இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு ட்யூபை விட்டு, வாயால் லேசாக உறிஞ்சிக் கேனில் இறக்கிவிட்டால் முடிந்தது.

#11 வெள்ளை அங்கி

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பெட்ரோலோ டீசலோ வாயில் போவதைவிட, புரை ஏறி நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. ஒரு மடக்கில் பாதி போனாலே போதும், நுரையீரல் அழற்சி வந்து ஆளைப் படுக்க வைத்துவிடும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது, வரும் வழியில் இன்னொரு தடவை நுரையீரலுக்குள் போகும். நேராக மருத்துவமனைதான்.

#12 கிரீஸ் கை

அதோடு, இன்றைய கார்களில் ட்யூப் உள்ளே போகவே போகாது. நிரப்பும் குழாயில் தடுப்பு, வால்வு எல்லாம் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பின்சீட்டைத் தூக்கி பம்ப் மூடி வழியாகவோ, ஃபில்டருக்கு வரும் லைனைக் கழற்றியோ எடுப்பார்கள்.

வடிக்கிற கலவையை "டீசல்தானே, அவ்வளவு சீக்கிரம் பற்றாது" என்று நினைக்கக் கூடாது. பெட்ரோல் கொஞ்சம் சேர்ந்தாலே டீசலின் தீப்பற்றும் தன்மை பெட்ரோல் பக்கம் சாய்ந்துவிடும். இங்கே 40 சதவீதம் இருக்கிறது, அதைப் பெட்ரோலாகவே நடத்துங்கள். சாதாரண மோட்டாரில் ஓடுகிற உறிஞ்சியை வைத்து எடுக்கக் கூடாது. எர்த் செய்த, இதற்கென்றே உள்ள கருவிதான் வேண்டும். வீட்டு முற்றத்தில் செய்கிற வேலை இல்லை இது.

#13 நீல மூடி

கேள்வி கொஞ்சம் விலகிப் போகிறது, மன்னிக்கவும். பெட்ரோல் வண்டியில் டீசல் போட்டால்? அதுவும் இதே அளவு மோசமா?

#14 கிரீஸ் கை

பொதுவாகக் குறைவுதான். பெட்ரோல் வண்டியில் பம்ப் வழவழப்பு இல்லாத எரிபொருளுக்கே பழகியது. டீசல் வந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் டீசல் சரியாக எரியாது. லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு இருமும், புகை கக்கும், நின்றுவிடும். பிளக் எல்லாம் கரியும் எண்ணெயுமாக நனைந்திருக்கும். டேங்க்கை வடித்து, லைனை அலசி, பிளக்கைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

புகையோடு புகையாக நீண்ட தூரம் ஓட்டியிருந்தால்தான் கவலை. எரியாத டீசல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதைச் சூடாக்கிக் கெடுக்கும். சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலிலும் இறங்கும். அப்போது ஆயிலையும் மாற்ற வேண்டும்.

#15 பம்ப் மேடை

பங்க்கில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டீசல் வண்டியில் பெட்ரோல் போடுவதுதான் அதிகம் நடக்கும். எதிர்ப்பக்கம் அபூர்வம். காரணம் நாசிலின் தடிமன்.

1970களில் ஈயம் இல்லாத பெட்ரோல் அமெரிக்காவில் வந்தபோது, புது வண்டிகளில் ஈயம் கலந்த பெட்ரோலைப் போட்டுக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடாமல் இருக்க, டேங்க் வாயைக் குறுகலாக்கி, அதற்குத் தகுந்தபடி மெல்லிய நாசிலும் வைத்தார்கள். இன்றைக்கும் பெட்ரோல் நாசில் சுமார் 21 மில்லிமீட்டர், டீசல் நாசில் 24, 25. தடித்த டீசல் நாசில் பெட்ரோல் காரின் வாயில் நுழையாது. மெல்லிய பெட்ரோல் நாசில் டீசல் காரில் சுலபமாக நுழைந்துவிடும். மலிவான வண்டியைக் காப்பாற்றிவிட்டு, அதிகச் செலவு வைக்கிற வண்டியைக் கைவிட்டுவிட்டது அந்த ஏற்பாடு. டீசல் கார்களைப் பற்றி அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை போல.

அப்புறம் எப்படிப் பெட்ரோல் வண்டியில் டீசல் போகிறது என்றால், பெரும்பாலும் கேனில் வாங்கி ஊற்றும்போது. அல்லது டேங்கர் லாரி வந்து நிலத்தடித் தொட்டியை மாற்றி நிரப்பிவிட்டால். அப்படி நடந்தால் ஒரே நாளில் வரிசையாக வண்டிகள் நிற்கும், அதில் ஓட்டுநர் மேல் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வேன். எந்த எரிபொருள், எத்தனை லிட்டர், எத்தனை மணி என்று எல்லாம் அதில் இருக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள். பச்சைக் கைப்பிடி ஒரு நாட்டில் பெட்ரோல், இன்னொரு நாட்டில் டீசல். ஐரோப்பாவில் 2018 அக்டோபர் முதல் நாசிலிலும் புது வண்டியின் டேங்க் மூடியிலும் ஒரே மாதிரி முத்திரை ஒட்டுகிறார்கள்: பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம், வாயுவுக்குச் சாய்சதுரம். வாடகைக் காரோடு வெளிநாட்டில் நிற்பவருக்கு இது உண்மையிலேயே உபகாரம், எழுத்துத் தெரியாவிட்டாலும் வடிவத்தைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

#16 நீல மூடி

என் டீசல் காரில் பக்கத்திலேயே நீல மூடி போட்ட இன்னொரு வாய் இருக்கிறது, புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவத்தை ஊற்ற. அதை மாற்றி ஊற்றினால்? பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும், எனக்கு இது தினமும் உறுத்தும் சந்தேகம்.

#17 கிரீஸ் கை

என்னைக் கேட்டால் பெட்ரோலைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். எரிபொருளே இல்லை. டீசலோடு கலக்காது. டீசலைவிடக் கனம் என்பதால் நேராக டேங்க்கின் அடியில் போய் உட்காரும். பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான். உள்ளே போய் உப்புப் போலப் படிகமாகும், உலோகத்தை அரிக்கும். ஸ்டார்ட் செய்யாமல் விட்டால் சேதம் டேங்க்கோடு நின்றுவிடும். ஸ்டார்ட் செய்தால் பம்ப், லைன், இன்ஜெக்டர் எல்லாம் போக வாய்ப்பு.

மாற்றியும் நடக்கும். ஆட்ப்ளூ டேங்க்கில் டீசல் ஊற்றினால் அங்கே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறிப்போகும், அளந்து தெளிக்கும் பகுதி கெடும். கொஞ்சம்தானே என்று விடக் கூடாது.

பங்க்கில் இருக்கும் ஆட்ப்ளூ நாசில் பலவற்றில், வாயில் காந்த வளையம் இருந்தால்தான் திறக்கும்படி செய்திருக்கிறார்கள். டீசல் வாயில் சொருகினால் வராது. ஆனால் பாட்டிலில் வாங்கி ஊற்றும்போது அந்தக் காவல் கிடையாது.

#18 சுழல்விசிறி

சரி, வாயால் உறிஞ்சுவதை விட்டுவிட்டேன். டூ ஸ்ட்ரோக் ஆயில் அரை லிட்டர் ஊற்றினால் வழவழப்பு திரும்பிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேனே?

#19 கணக்குப்பிள்ளை

வழவழப்பைக் கொஞ்சம் கூட்டலாம். சீட்டேனை யார் கூட்டுவது? 15 லிட்டர் பெட்ரோல் எங்கே போகும்?

#20 வழித்துணை

பெட்ரோலிலேயே ரகம் மாற்றிப் போடுவதும் இதில் சேருமா? குறைந்த ஆக்டேன் போட்டுவிட்டேன், எத்தனால் அதிகம் உள்ளதைப் போட்டுவிட்டேன் என்பது மாதிரி.

#21 கிரீஸ் கை

அது வேறு கதை, பயம் வேண்டாம். ஆக்டேன் குறைந்தால், எஞ்சின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் பற்றவைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டி, அடுத்த முறை சரியானதைப் போட்டால் போதும். ஆக்டேன் அதிகமானதைப் போட்டால் பணம்தான் கொஞ்சம் கூடப் போகும். இ85 மாதிரி எத்தனால் மிக அதிகமான எரிபொருளை அதற்கென்று செய்யாத வண்டியில் நிரப்பினால் மட்டும் ஓட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

#22 கோப்புக்காரன்

இன்சூரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. பாலிசிக்குப் பாலிசி மாறும். சிலவற்றில் தவறான எரிபொருள் என்பதையே விலக்கி வைத்திருப்பார்கள். சிலவற்றில் வடித்து அலசும் செலவு மட்டும் வரும். தெரிந்த பிறகும் ஓட்டியதால் வந்த சேதம் என்றால் தகராறுதான். ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்ட நேரம் பதிவாகியிருப்பது அங்கே உதவும்.

#23 நான்காம் கியர்

புது நிலவரம். ஷிஃப்ட் லாக் பொத்தான் இருந்தது, ஓரமாகத் தள்ளினார்கள், ரெக்கவரி வண்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தது. டேங்க்கை வடித்துவிட்டார்கள். இப்போது, "பாதுகாப்புக்காக" ஹை பிரஷர் பம்ப்பையும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். தொகையைக் கேட்டு அம்மா உட்கார்ந்துவிட்டார். மாற்ற வேண்டுமா?

#24 கிரீஸ் கை

எஞ்சின் சுற்றவே இல்லை என்றால் மாற்றக் காரணமே இல்லை. தம்பியிடம் கடைசியாக ஒருமுறை தனியாகக் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். கொஞ்சம் ஓட்டியிருந்தால் பதில் மாறும்.

ஓட்டவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொல்லுங்கள்: ஃபில்டரைக் கழற்றி, அதில் இருக்கும் எண்ணெயை வெள்ளைத் துணியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ வடித்து என் எதிரில் காட்டுங்கள். வெளிச்சத்தில் மினுக்கும் தூள் இருக்கிறதா பாருங்கள், காந்தத்தையும் காட்டிப் பாருங்கள். டேங்க்கின் அடியில் வடித்ததிலும் அதேபோல். சுத்தமாக இருந்தால் லைனை அலசி, புது ஃபில்டர் போட்டு, நல்ல டீசல் நிரப்பி, லைனில் இருக்கும் காற்றை எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காற்றோடு செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் அப்போதும் காய்ந்துதான் சுற்றும். இவ்வளவு காப்பாற்றிவிட்டு அங்கே கெடுக்க வேண்டாம்.

ஓட ஆரம்பித்ததும் ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் கேட்ட அளவும் வருகிற அளவும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் வண்டியை எடுத்து வந்துவிடலாம்.

#25 நான்காம் கியர்

தம்பி ஸ்டார்ட் செய்யவில்லை என்பது பங்க்கின் கேமராவிலும் இருக்கிறது, ஊழியரே காட்டினார். ஃபில்டரில் தூள் எதுவும் இல்லை. நான் நேரில் போய் நின்று பார்த்தேன். நீங்கள் சொன்னபடி ஃபில்டர் மட்டும் மாற்றி, அலசி, நிரப்பி ஸ்டார்ட் செய்தார்கள். ரெயில் அழுத்தம் சரி. பம்ப் மாற்றும் பேச்சை அவர்களே விட்டுவிட்டார்கள்.

வடித்த 37 லிட்டரை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சுழல்விசிறி தனக்குத் தரச் சொல்லித் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்.

#26 கிரீஸ் கை

தர வேண்டாம். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றவும் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பிலேயே விடுங்கள், கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுப்பது அவர்கள் பொறுப்பு.

#27 நான்காம் கியர்

சரி. கடைசிக் கேள்வி. மெல்லிய நாசில் நுழையாதபடி தடுக்கும் மூடி டீசல் கார்களுக்குக் கிடைக்கிறதாமே, போடலாமா?

#28 பம்ப் மேடை

தாராளமாகப் போடலாம், பல புது டீசல் கார்களில் கம்பெனியே அந்தத் தடுப்பை வைத்து அனுப்புகிறது. உங்கள் மாடலுக்கு என்று செய்ததை வாங்குங்கள். தடித்த நாசில் இரண்டு பக்கத் தாழையும் சேர்த்துத் தள்ளினால்தான் திறக்கும். ஒரு தொல்லை மட்டும் உண்டு: வழியில் டீசல் தீர்ந்து கேனில் வாங்கி வந்தால், கேனின் மெல்லிய மூக்குக்கும் திறக்காது. கம்பெனி தடுப்பு உள்ள வண்டிகளில் அதற்கென்று ஒரு புனல் தருவார்கள், ஸ்டெப்னிக்குப் பக்கத்திலோ டூல் கிட்டிலோ கிடக்கும். வெளியில் வாங்குகிற மூடியோடு அது வராவிட்டால் தனியாகக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள்.